ஊருக்கே தெரிந்த ரகசியத்தைப் படமாக்குவது எப்படி?

"நடந்தது ரகசியமா நடந்திருக்கு, அதைப் போய் எப்படிப் படம் எடுத்தாங்க?" ராணுவத்தின் ரகசிய நடவடிக்கைகளைப் பற்றிய ஆவணப்படம் எதையாவது யாருக்காவது போட்டுக் காட்டினால், பாதிப் படத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு தப்பான எண்ணம் உட்கார்ந்திருக்கிறது: ரகசியம் என்றால் யாருக்குமே தெரியாது என்ற எண்ணம். நடுராத்திரியில் வீட்டுக் கூரையில் ஆட்கள் ஏறி நின்று சுட்டால் அது அந்த வீட்டுக்கு ரகசியமா என்ன? தெருவுக்கே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், வந்தவன் யார், அவனை அனுப்பியவன் யார்.

இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள், கிளாண்டஸ்டைன், கவர்ட் என்று. நாம் இரண்டையும் 'ரகசிய நடவடிக்கை' என்றே எழுதிவிடுகிறோம், அதனால்தான் குழப்பம். ஒரு தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஏறிக் காய் இறக்குகிறவன் விடியும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது என்று பார்ப்பது முதல் வகை, அங்கே மறைப்பது செயலை. இரண்டாவது வகையில் மரம் மொட்டையாக நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள், அதைப் பற்றிக் கவலையே இல்லை, 'குரங்கு பறித்துவிட்டது' என்று ஊரை நம்ப வைத்தால் போதும். அங்கே மறைப்பது ஆளை. அமெரிக்கச் சட்டம் 1991 முதல் கவர்ட் நடவடிக்கைக்குக் கொடுக்கும் விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான்: அமெரிக்க அரசின் பங்கு வெளியே தெரியக் கூடாது, ஒப்புக்கொள்ளவும் படாது. (வழக்கமான ராணுவ நடவடிக்கைகள் இந்த விளக்கத்துக்குள் வராது என்று கூடவே ஒரு விலக்கும் உண்டு. எது வழக்கமானது என்று யார் முடிவு செய்வது என்பதில்தான் வழக்கறிஞர்கள் பிழைக்கிறார்கள்.)

2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடனைக் கொன்ற அமெரிக்கச் சோதனையைப் பாருங்கள். ஹெலிகாப்டர் இறங்கும்வரை பரம ரகசியம், முடிந்த சில மணி நேரத்தில் அதிபரே டிவியில் வந்து நாங்கள்தான் செய்தோம் என்று அறிவித்தார். முதல் வகைக்கு நல்ல உதாரணம். இரண்டாவது வகைக்கு யாரும் டிவியில் வரமாட்டார்கள், மறுப்பு அறிக்கை மட்டும் வரும். புலனாய்வு ஆவணப்படக்காரருக்கு வேலை இருப்பது பெரும்பாலும் அங்கேதான். மறைக்கப்படுவது பெயர் மட்டும்தான் என்னும்போது, நடந்ததற்கான தடயம் முழுக்கத் தரையில் கிடக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் தலைநகரில் பெரிய அதிகாரிகளின் பேட்டிக்கு மாதக்கணக்கில் அலைவார்கள். தலைகீழாகப் போக வேண்டும். குண்டு விழுந்த இடத்தில் தொடங்கி, அங்கிருந்து பெயரை நோக்கி நடப்பதுதான் இந்த வேலை.

எனக்குத் தெரிந்து இதற்குப் பாடம் போல் அமைந்தது ஆப்கானிஸ்தானின் பக்தியா மாகாணத்தில், கார்தேஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள கதாபா கிராமத்தில் நடந்தது. 2013இல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போன 'டர்ட்டி வார்ஸ்' படத்தின் முதுகெலும்பே அந்தச் சம்பவம்தான். இயக்கியது ரிக் ரௌலி, தேடிப் போகிற செய்தியாளர் ஜெரமி ஸ்கேஹில். 2010 பிப்ரவரி 12, விடிவதற்கு முன். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா, பாட்டும் ஆட்டமுமாகக் கூட்டம். வெளியே துப்பாக்கியோடு ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள். ஒருவர் அமெரிக்கர்களிடமே பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி, இன்னொருவர் அவருடைய சகோதரர், அரசு வழக்கறிஞர். மற்ற மூவரும் பெண்கள், அதில் இருவர் கர்ப்பிணிகள்.

அன்றைக்கே, ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவோடு சேர்ந்து போரிட்ட நேட்டோ கூட்டணி அறிக்கை விட்டது: வீரர்கள் உள்ளே போனபோது பெண்கள் ஏற்கெனவே கட்டிப்போடப்பட்டு, வாய் அடைக்கப்பட்டு, கொல்லப்பட்டுக் கிடந்தார்கள் என்று. அதாவது குடும்பத்துக்காரர்களே கொன்றுவிட்டார்கள் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்ள வேண்டியது. லண்டன் டைம்ஸ் செய்தியாளர் ஜெரோம் ஸ்டார்க்கி அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்டு எழுதிய பிறகுதான் கதை ஆட்டம் கண்டது. ஏப்ரல் 4ஆம் தேதி பெண்களின் சாவுக்கும் தங்கள் தரப்பே காரணம் என்று நேட்டோ ஒப்புக்கொண்டது. கட்டியிருந்தது என்ற சமாச்சாரம்? உடலை அடக்கத்துக்குத் தயார் செய்யும் வழக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்களாம். நம் ஊரிலும் வாய்க்கட்டு, கால்கட்டு போடுகிறோமே, அதுதான். இந்த விளக்கத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படம் எடுக்கிறவருக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது, சாவு வீட்டில் என்ன செய்வார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேமரா முன் சொல்ல வைத்திருந்தால், நேட்டோ இந்த விளக்கத்தைச் சொல்வதற்கு முன்பே அந்த முதல் அறிக்கை எப்படி முளைத்திருக்கும் என்று யோசிக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

சரி, சுட்டது யார்? இதுவரை தெரிந்தது 'கூட்டுப் படை' என்ற பொதுப்பெயர் மட்டும். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 8, ஆப்கன் ராணுவத்தினர் புடைசூழ அமெரிக்க அதிகாரி ஒருவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார், பஷ்தூன் வழக்கப்படி ஆட்டை அறுத்து மன்னிப்புக் கேட்க. அங்கே இருந்த புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டார். ஸ்கேஹில் பின்னால் அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும்போது அதிகாரியின் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் படிக்கிறார்: மெக்ரேவன். ஜேசாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகத்தின் தலைவர், வைஸ் அட்மிரல் வில்லியம் மெக்ரேவன். 1980இல் ஈரான் பணயக்கைதிகளை மீட்கப் போய்ச் சொதப்பிய பிறகு அமெரிக்கா உருவாக்கிய அமைப்பு அது. இவ்வளவு பெரிய ஆள் ஏன் ஒரு குக்கிராமத்து வாசலில் ஆட்டோடு நிற்கிறார்? அந்த ஒரு கேள்விதான் படத்தை யேமனுக்கும் சோமாலியாவுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த ஆண்டே அபோட்டாபாத் சோதனையை நடத்தி அதே ஆளும் அதே அமைப்பும் அமெரிக்காவில் நாயகர்களாகிவிட்டார்கள் என்பது தனி வேடிக்கை.

கவனியுங்கள், இதில் திருடிய ஆவணமோ ஒளிவுக் கேமராவோ எதுவும் இல்லை. ஒரு சட்டைப் பட்டை. அப்புறம் செல்போன். அந்த வீட்டு விழாவில் எடுத்த ஆட்டமும், சோதனைக்குப் பிறகு எடுத்த ஒரு கிளிப்பும் படத்தில் வருகின்றன. அந்தக் கிளிப்பில் உடல்களைச் சுற்றி நிற்பவர்கள் பேசுவது அமெரிக்க உச்சரிப்பில் கேட்கிறது. இந்தக் காலத்தில் உங்கள் முதல் கேமராமேன் பாதிக்கப்பட்டவரின் போன்தான், இரண்டாவது கேமராமேன் பல சமயம் சுட்டவனே. ஆஸ்திரேலியச் சிறப்புப் படை ஆப்கானிஸ்தானில் கோதுமை வயலில் ஒருவரைச் சுட்டது வெளியே வந்தது அவர்களில் ஒருவரின் தலைக்கவசக் கேமரா வழியாக. 2011இல் சேனல் 4 ஒளிபரப்பிய இலங்கைப் போர்ப் படத்தில் நம்மவர்கள் பார்க்க முடியாமல் பார்த்த காட்சிகள் பலவும் சிப்பாய்கள் 'நினைவுக்காக' எடுத்து வைத்துக்கொண்டவை.

தரையில் கிடப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்கு யேமனின் அல்-மஜாலா. 2009 டிசம்பர் 17 அன்று அபியான் மாகாணத்தில் அந்த இடத்தில் ஏவுகணை விழுந்தது. 14 பெண்கள், 21 குழந்தைகள் உட்பட உள்ளூர்வாசிகள் 41 பேர் பலி. எங்கள் விமானப்படைதான் போட்டது என்றது யேமன் அரசு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை, ஏனென்றால் அங்கே சிதறிக் கிடந்தவை அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணையின் துண்டுகளும் கொத்துக்குண்டின் சிறு குண்டுகளும், அந்த ரக ஏவுகணை யேமனிடம் கிடையாது. மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி 2010 ஜூனில் அந்தப் புகைப்படங்களை வெளியிட்டது. அந்த ஆண்டுக் கடைசியில், கசிந்த ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வந்த அமெரிக்கத் தூதரகக் குறிப்பில், குண்டுகள் எங்களுடையவை என்றே தொடர்ந்து சொல்லிக்கொள்கிறோம் என்று யேமன் அதிபர் சாலே அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸிடம் சொன்னது பதிவாகியிருந்தது. துண்டு முதலில், காகிதம் பிறகு. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கிடைக்கும். அதனால் உலோகத் துண்டு எதையாவது பார்த்தால் கையில் எடுத்துக் காட்டி உணர்ச்சிவசப்படாதீர்கள் (வெடிக்காத சிறு குண்டாக இருந்தால் கையே போய்விடும்). தூரத்தில் இருந்து கிடந்த நிலையிலேயே எடுங்கள், பக்கத்தில் அளவு தெரிய ஏதாவது வையுங்கள், எழுத்தும் எண்ணும் இருக்கும் பக்கத்தை ஜூம் செய்து எடுங்கள்.

எண் என்றதும் ஸ்வீடன் நினைவுக்கு வருகிறது. 2001 டிசம்பர் 18 ராத்திரி, ஸ்டாக்ஹோமின் ப்ரொம்மா விமான நிலையத்தில் அடைக்கலம் கேட்டு வந்திருந்த எகிப்தியர் இருவரை முகமூடி போட்ட அமெரிக்க ஏஜென்ட்டுகள் உடையை வெட்டிக் கழற்றி, கட்டி, விமானத்தில் ஏற்றிக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். டிவி4 சேனலின் புலனாய்வு நிகழ்ச்சி 2004இல் இதை வெளிக்கொண்டுவந்தது. அவர்கள் பிடித்த நூல் விமானத்தின் வாலில் எழுதியிருந்த பதிவு எண், என்379பி. விமானம் எவ்வளவு ரகசியமாகப் பறந்தாலும் அதற்குப் பதிவு எண் இருந்தாக வேண்டும், எரிபொருள் போட வேண்டும், தரையிறங்கும் கட்டணம் கட்ட வேண்டும், யாரோ ஒரு குமாஸ்தா எங்கேயோ ஒரு நோட்டில் எழுதியிருப்பார். வேலியோரம் நின்று விமானம் பார்த்து எண் குறித்துக்கொள்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுடைய குறிப்புகள் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவுக்கு உண்டாக்கிய தலைவலியைப் பெரிய பத்திரிகைகள் பலவும் உண்டாக்கவில்லை என்பேன்.

கையில் ஒரு வீடியோ மட்டும் இருக்கிறது, எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாது. அப்போது என்ன செய்வது? 2018இல் கேமரூனில் ஒரு வீடியோ பரவியது, சீருடைக்காரர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் நடத்திக் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். போலிச் செய்தி என்றது அரசு. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு செய்ததைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வீட்டில் ஒரு லேப்டாப்பில் நீங்களே பழகலாம். வீடியோவின் தொடக்கத்தில் பின்னணியில் ஒரு மலைத்தொடர் தெரிகிறது. மேடு பள்ளமாகப் போகும் அந்தக் கோட்டைச் சாட்டிலைட் வரைபடத்தில் உள்ள மலைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, நைஜீரிய எல்லைக்குப் பக்கத்தில் ஜெலவெட் என்ற ஊரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அடுத்தது காலம். வீடியோவில் தெரியும் கட்டடங்கள் எந்தச் சாட்டிலைட் படத்தில் முதலில் தோன்றுகின்றன, எதில் காணாமல் போகின்றன என்று பார்த்தால் ஆண்டு நெருங்கிவிடும். அவர்கள் நடந்துபோகும் ஒற்றையடிப்பாதை கோடையில் மட்டுமே தெளிவாகத் தெரிகிறது, ஆகவே மாதமும் குறுகிவிட்டது. கடைசியாக நிழல். நடக்கிற சிப்பாயின் உயரத்துக்கு அவன் நிழல் எவ்வளவு நீளம் என்று அளந்தால் வானத்தில் சூரியன் நின்ற உயரம் வரும், நிழல் விழும் திசையில் இருந்து சூரியன் இருந்த திசை வரும். இடம் தெரிந்த பிறகு இந்த இரண்டும் சேர்ந்து பொருந்தக்கூடிய நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில் என்று முடித்தார்கள். 2020இல் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டு சிறை. அந்த ஆராய்ச்சியைத் திரையில் படிப்படியாகக் காட்டினார்கள், மலைக்கோட்டின் மேல் கோடு வரைந்து காட்டினார்கள். பார்க்கிறவர் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை, தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி அரசிடம் எழுதிக் கேட்பது. இதில் பலரும் சீக்கிரம் சலித்துப்போவார்கள். 1968இல் பசிபிக்கில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கி ஒன்றை, கடலடியில் தாதுப் பொருள் எடுக்கப் போகிறோம் என்று கதை கட்டி, 1974இல் சிஐஏ ஒரு பிரம்மாண்டக் கப்பலை வைத்துத் தூக்கப் பார்த்தது. கப்பலின் பெயர் குளோமார் எக்ஸ்ப்ளோரர். அமெரிக்கத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ்ச் செய்தியாளர் ஒருவர் கேட்டபோது வந்த பதில்: அப்படி ஓர் ஆவணம் இருப்பதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இன்றுவரை அந்த வகைப் பதிலுக்குக் 'குளோமார் பதில்' என்றே பெயர். 2014இல் சிஐஏ ட்விட்டரில் கணக்குத் தொடங்கியபோது, இது எங்கள் முதல் ட்வீட் என்பதை உறுதிப்படுத்தவும் மறுக்கவும் முடியாது என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்டது. இந்தியாவில் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ரா, ஐபி போன்ற உளவு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவே சொல்கிறது. மனு எழுதும்போது அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகள் இன்னொரு வழி, நமக்கு ரொம்பவே நெருக்கமான உதாரணமும் உண்டு. 1980களில் இலங்கையின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது கீனி மீனி சர்வீசஸ் என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம், பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையில் இருந்து வெளியே வந்தவர்கள் நடத்தியது. அவர்களுடைய ஆட்கள் ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். அது தனியார் கம்பெனி, எங்களுக்கு என்ன தெரியும் என்று அரசு கையை விரித்துவிடலாம், ஆளை மறைக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. பத்திரிகையாளர் பில் மில்லர் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தைக் குடைந்தும் தகவல் கேட்டு மனுப் போட்டும் சண்டை பிடித்தும் தூதரக அதிகாரிகளின் பழைய கடிதங்களை வெளியே எடுத்து, 2020இல் புத்தகமாகவும் ஆவணப்படமாகவும் கொண்டுவந்தார். அதே ஆண்டில் லண்டன் போலீஸின் போர்க்குற்றப் பிரிவு அந்த நிறுவனத்தை விசாரிக்க ஆரம்பித்தது. இலங்கை தொடர்பான 1978 முதல் 1980 வரையிலான கிட்டத்தட்ட 200 கோப்புகளைப் பிரிட்டன் வெளியுறவுத் துறை அழித்துவிட்டது என்பதும் தெரியவந்தது. காப்பகத்தில் கோப்பு இல்லாத இடமும் படத்துக்கு ஒரு காட்சிதான்.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் தப்பு செய்யவே கூடாது. அல்-மஜாலாவுக்கு நேரில் போய்த் துண்டுகளைப் படம்பிடித்த யேமன் செய்தியாளர் அப்துலேலா ஹைதர் ஷாயே 2010 ஆகஸ்டில் கைதானார், 2011 ஜனவரியில் ஐந்தாண்டு சிறை. விடுவிக்க இருந்த நேரத்தில் அமெரிக்க அதிபர் ஒபாமா யேமன் அதிபரிடம் போனில் கவலை தெரிவித்ததால் அது நின்றுபோய், 2013 ஜூலையில்தான் வெளியே வந்தார். ஆஸ்திரேலியாவில், சிறப்புப் படை ஆப்கானிஸ்தானில் செய்தவை பற்றிய ஆவணங்களைச் செய்தியாளர்களிடம் கொடுத்த ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைடுக்கு 2024 மே மாதம் ஐந்து ஆண்டு எட்டு மாதம். அந்தப் போர்க்குற்றங்களுக்காகச் சிப்பாய் எவரும் தண்டனை பெறும் முன்பே காகிதம் கொடுத்தவர் உள்ளே போய்விட்டார். அந்தச் செய்தியை வெளியிட்ட ஆஸ்திரேலிய ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியின் சிட்னி அலுவலகத்துக்கே 2019 ஜூன் 5 அன்று போலீஸ் வந்து கோப்புகளை அள்ளியது. வெளிநாட்டு இயக்குநர் விமானம் ஏறிப் போய்விடுவார், மொழிபெயர்ப்பாளரும் டிரைவரும் அந்த ஊரிலேயேதான் இருக்க வேண்டும் என்பதை ஷூட்டிங் பட்ஜெட் போடும் நாளிலேயே நினைத்துப் பாருங்கள்.

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். நடை, மோதிரம், பின்னால் தெரியும் ஜன்னல், எல்லாமே ஆளைக் காட்டிக் கொடுக்கும். குரலைக் கரகரப்பாக்கிப் போடுவதும் சரிவராது, அதைத் திரும்ப மாற்ற முடியும். இன்னொருவரை வைத்துப் பேச வைத்து, அதைத் திரையில் சொல்லிவிடுவது நல்லது. சாட்சிகளைக் கூட்டமாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள், சத்தமாகப் பேசுகிறவரின் நினைவு எல்லோருடைய நினைவாகிவிடும். தனித்தனியாக, சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: விளக்கு எரிந்ததா, நாய் குரைத்ததா, நீங்கள் நின்றது கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. ஒரு தாளைக் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். பொய் சொல்ல வருகிறவர் பெரிய விஷயங்களைத் தயார் செய்துகொண்டு வருவார், நாய் குரைத்ததை யோசித்திருக்க மாட்டார். அப்புறம் பேட்டியைச் சம்பந்தமே இல்லாத இரண்டாவது மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மறுபடி ஒருமுறை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வாங்குங்கள். முதலாமவர் இரக்கப்பட்டுச் சேர்த்தது, பயந்து விட்டது, இரண்டும் அப்போதுதான் தெரியும்.

எல்லாம் கிடைத்த பிறகும் ஒரு சினிமாப் பிரச்சினை பாக்கி இருக்கும். முக்கியமான நிமிடத்துக்குப் படமே இருக்காது. சிலர் நடிகர்களை வைத்து இருட்டில் ஓட விட்டு எடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, எடுத்தே ஆக வேண்டும் என்றால் மீட்டுருவாக்கம் என்று எழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சேகரித்த உண்மையான ஃபுட்டேஜ் மேலும் சந்தேகம் விழும். 'டர்ட்டி வார்ஸ்' வேறு வழி போனது, செய்தியாளரையே கதாநாயகன் ஆக்கி, அவர் தேடுவதையே கதையாக்கியது. சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் செத்தவர்களைவிட ஸ்கேஹிலின் முகம்தான் அதிகம் தெரிகிறது என்ற விமர்சனமும் வந்தது, அதில் ஓரளவு நியாயம் உண்டு. வெறும் வீடு, குண்டு பாய்ந்த சுவர், அதன்மேல் சாட்சியின் குரல், இதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

படம் வெளிவருவதற்கு முன், குற்றம் சாட்டப்படும் தரப்புக்கு ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தேதி, இடத்தோடு விவரமாக எழுதி அனுப்பிப் பதில் கேட்க வேண்டும், பதில் சொல்ல நியாயமான அவகாசமும் தர வேண்டும். 'உங்கள் நடவடிக்கைகள் பற்றி' என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். வருவது பெரும்பாலும் மறுப்பாகவோ குளோமார் வகையாகவோ இருக்கும். எரிச்சலில் அதை எடிட்டில் தூக்கிவிடாதீர்கள். கதாபாவில் அன்றைக்கே நேட்டோ வெளியிட்ட அறிக்கை எழுத்தில் இருந்ததால்தான் ஏப்ரலில் அவர்கள் சொன்னதை அதன் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தது. உங்களுக்கு வரும் பதிலையும் அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், வந்த தேதியோடு திரையில் போடுங்கள்.